நான்கு விரல்களுக்கு நானூறு பங்கு

2025ஆம் ஆண்டு மே மாதம் முப்பதாம் நாள், வெள்ளிக்கிழமை. தென்மேற்குப் பருவக்காற்று முந்திய நாளே வலுத்திருந்தது. மழை நேராக விழாமல் கடற்பக்கத்திலிருந்து சாய்ந்து வந்து, கூரைத் தகரங்களை அறைந்தது. அந்தமானில் ஹேவ்லாக் தீவுக்குச் செல்லும் படகுகள் நிறுத்தப்பட்டன. போர்ட் பிளேரின் ஜங்லிகாட் பகுதிச் சந்துகளில் சாக்கடை நீர் கணுக்கால் அளவுக்கு ஏறியது. நண்பகலில் சிறிதளவு வெளிச்சம் தோன்றி, உடனே மறைந்தது.

அச்சந்துகளுள் ஒன்றில் முத்துராஜும் அவன் மனைவி சுகுணாவும் குடியிருந்தனர். இருவருடைய பெற்றோரும் இலங்கையின் மலைத் தோட்டங்களிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டுக் கச்சால் தீவின் ரப்பர்த் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்டவர்கள். சுகுணாவின் தந்தை தம்பையா பால் வெட்டும் கத்தியைக் கீழே வைத்துவிட்டுப் போர்ட் பிளேருக்கு வந்து, மரம் ஏற்றும் கூலியாகத் தொடங்கி, டாலிகஞ்ச் பக்கத்தில் ஓர் அறுவை மில்லை நிறுவினார். அதற்குத் தம்பையா டிம்பர்ஸ் பிரைவேட் லிமிடெட் என்று பெயர். அக்கம்பெனியில் பங்குகள் மொத்தம் ஆயிரம்.

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்னர், அம்மில்லின் ரம்பம் மருமகன் முத்துராஜின் இடக்கை விரல்களில் நான்கைக் கொண்டுபோயிற்று. தம்பையா மருத்துவமனைக் கட்டிலின் அருகே அமர்ந்து, "விரலுக்கு நூறு பங்கு. பெருவிரல் இருக்கு, அதுக்கு ஒண்ணும் கெடையாது" என்று சொன்னார். சொன்னவாறே நானூறு பங்குகளை எழுதிக் கொடுத்தார். ஆனால் அவற்றை மருமகன் பெயரில் எழுதவில்லை; மகள் பெயரில் எழுதினார். "ரம்பத்துல நிக்கிறவன் உசுருக்கு யாரு கேரண்டி?" என்பது அவர் கூறிய காரணம். எஞ்சிய அறுநூறும் அவர் இறந்தபின் மகன் தேவேந்திரனை அடைந்தன. விரல்கள் முத்துராஜுடையவை, பங்குகள் சுகுணாவுடையவை, அதிகாரம் தேவேந்திரனுடையது. இம்முறையில் அக்குடும்பம் பன்னிரண்டு ஆண்டுகள் ஒரே மில்லில் உழைத்தது.

காட்டு மரம் வெட்டுவதற்குக் கட்டுப்பாடு வந்ததிலிருந்து புதிய மில்களுக்கு உரிமம் கிடைப்பது அரிதாயிற்று. உரிமத்தைத் தனியாக விற்கவும் இயலாது. உரிமம் பெற்ற கம்பெனியின் பங்குகளை முழுமையாக வாங்குவது ஒன்றே வழி. அவ்வழியை நாடி, மெயின்லேண்டிலிருந்து தூத்துக்குடி நாற்காலி வியாபாரி ஒருவர் வந்தார். பங்கு ஒன்றுக்குப் பன்னிரண்டாயிரம் ரூபாய் தருவதாகவும், ஆயிரம் பங்கும் ஒரே கையிலிருந்து வரவேண்டும் என்றும் அவர் சொல்லிச் சென்றார். தேவேந்திரன் தங்கையின் நானூறு பங்குகளை முதலில் தானே வாங்கிவிட எண்ணினான். பெரும்பங்குக்காரர் கேட்டால் சிறுபங்குக்காரர் நியாய விலைக்குக் கொடுத்தாக வேண்டும் என்பது தம்பையா எழுதிவைத்த விதி. அந்த நியாய விலையைக் கணிக்க, அபர்டீன் பஜாரில் அலுவலகம் வைத்திருந்த ஆடிட்டர் ஸ்ரீதர் அமர்த்தப்பட்டார்.

அன்று பிற்பகல் ஸ்ரீதர் மில்லுக்கு வந்தார். குடையை மடக்கிச் சுவரில் சாய்த்துவிட்டு, மரத்தூள் படிந்த நாற்காலியைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டு தேவேந்திரனுக்கு எதிரே அமர்ந்தார். வெளியே ரம்பம் ஓய்ந்திருந்தது; முத்துராஜ் மறுநாளைக்கான உருட்டு மரங்களைப் பார்க்கக் கிடங்குக்குப் போயிருந்தான். படாக் மரத்தின் சிவந்த தூள் மழை ஈரத்தில் கரைந்து, வாசலெங்கும் இரத்தம் போல வழிந்தது. சுகுணா மூன்று டம்ளர்களில் சாயத் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள்.

"சொத்தை மட்டும் பார்த்தா பங்கு ஒண்ணு நாலாயிரம் வருது" என்றார் ஸ்ரீதர். "லாபத்தை வச்சுப் போட்டா ஒன்பதாயிரம்."

"என்னா சார், நாலுக்கும் ஒம்பதுக்கும் அவ்ளோ ஃபரக்?" என்றான் தேவேந்திரன்.

"லாபம் எங்கேர்ந்து வருதுன்னு பார்க்கணும் இல்லையா? மத்த மில்லுல நூறு அடி உருட்டு மரம் ஏத்தினா அம்பது அடி பலகை இறங்குது. இங்க அறுபத்தஞ்சு. மிஷின் அதே மிஷின், மரம் அதே மரம். மிச்சம் பதினஞ்சு அடி உங்க மச்சான் கையில இருக்கு."

"மூளிக் கையா?"

"ரெண்டு கையும் சேர்ந்துதான் சார்."

சுகுணா வாயைத் திறந்தாள். "அப்ப ஒன்பதாயிரம்தானே சார் நியாயம்?"

"அவர் ரம்பத்துல இருக்கிற வரைக்கும் அதான்மா நியாயம். அவர் இல்லன்னா நாலாயிரத்துக்கு மேல என்னால கையெழுத்துப் போட முடியாது. மதிப்பீட்டு நாள் மாசக் கடைசி. நாளைக்கு ரம்பம் ஒரு ஓட்டம் ஓடுறதைப் பார்த்து அளந்துட்டு முடிச்சுடறேன்."

தேவேந்திரன் தேத்தண்ணியை ஊதிக் குடித்தான். அவன் முகத்தில் மெல்ல ஒரு தெளிவு பரவியது.

"நாளைக்கு ரம்பத்துல யாரு நிக்கணும்னு சொல்றது யாரு சார்? எம்டி நான்தானே?"

"ஆமா."

"அப்ப நான் நிக்கிறேன். மாப்ளைக்கு இன்னையோட ரெஸ்ட். ஓட்டத்துல என்னா வருதோ அதை எழுதுங்க. பஸ், அவ்ளோதான்."

"நீங்க ரம்பம் புடிச்சு எவ்வளவு வருஷம் ஆச்சு?"

"அது உங்களுக்கு எதுக்கு? கம்மியா வந்தா கம்மின்னு எழுதுங்க."

ஸ்ரீதர் பேனாவின் மூடியைத் திறந்து, மீண்டும் மூடினார். "சட்டப்படி நான் தடுக்க முடியாது. ஆனா இது நல்லால்ல சார்."

"அண்ணே" என்றாள் சுகுணா. "நீ வேணும்னே மரத்தக் கெடுப்ப. வெலய கொறச்சு என்கிட்ட வாங்கி, மெயின்லேண்ட்காரன்கிட்ட பன்னெண்டாயிரத்துக்குத் தள்ளுவ. எனக்கு வெளங்காதுன்னு நெனக்கிறியா?"

"வெளங்கினா என்னா பண்ணுவ?"

"அந்த நாலு வெரலுக்கு என்னா வெலன்னு ஒரு ஆளு சரியாச் சொல்லணும். அதுக்குத்தான் இவரு வந்திருக்காரு. நீ உள்ள பூந்து ஏமாத்தாத."

"வெரலு வெரலுன்னு பன்னெண்டு வருஷமா சோறு தின்னாச்சுல்ல? வெட்டுப்பட்ட நாய்க்கு ரொட்டி போட்ட மாதிரி எங்கப்பா போட்டாரு. அதுக்கு ஆடிட்டரு வேற."

"அப்பா இருந்தா இந்த வாய்க்கு உன்ன செருப்பாலயே அடிச்சிருப்பாரு."

தேவேந்திரன் கையிலிருந்த டம்ளரைத் தேத்தண்ணியோடு எறிந்தான். அதன் விளிம்பு சுகுணாவின் மேலுதட்டைப் பிளந்தது. சூடான நீர் கழுத்து வழியாக ரவிக்கைக்குள் இறங்கியது. அவள் புடவைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டு, உருண்டோடிய டம்ளரை எடுத்து மேசைமீது வைத்தாள். ஸ்ரீதர் எழுந்து, யாரையும் பார்க்காமல் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மழையில் இறங்கினார். குடையை மறந்துவிட்டுச் சென்றார்.

மாலையில் சுகுணா வீட்டில் மாவைப் பிசைந்து, தேங்காயைத் துருவிப்போட்டு, ரொட்டி தட்டினாள். கருவாட்டுச் சம்பலுக்கு மிளகாய் இடிக்கும்போது நெடி ஏறி உதடு எரிந்தது. முத்துராஜ் குளித்துவிட்டு வந்து பலகையில் அமர்ந்தான். அவளது வீங்கிய வாயைப் பார்த்தான்.

"யாரு?"

"ரொட்டியத் தின்னு. சொல்றேன்."

அவள் சொன்னாள். அவன் மென்றுகொண்டிருந்த ரொட்டியைத் தட்டிலேயே துப்பினான்.

"நாளைக்கு அவன் நிக்கிறானா? என் மிஷின்லயா?"

"அவன் மிஷின்தான். அறுநூறு பங்கு அவனோடது."

"காலையிலதான் பிளேடு மாத்தினேன். அவனுக்கு என்னா தெரியும்? சாலா, ஆப்பு எங்க வைக்கிறதுன்னு தெரியுமா அவனுக்கு?"

"தெரிய வேணாம்னுதானே நிக்கிறான். பலகை கோணலா வந்தா அவனுக்கு லாபம். வெளங்குதா?"

முத்துராஜ் எழுந்தான். கதவுக்குப் பின்னால் விறகு பிளக்கும் கோடரி சாய்ந்திருந்தது. அவன் அதை எடுக்கக் கண்டு சுகுணா வாசலை மறித்து நின்றாள்.

"தள்ளு."

"எங்க போற? போயி வெட்டிட்டு ஜெயிலுக்குப் போ. நானூறு பங்கையும் வக்கீலுக்குக் கொடுத்துட்டு நான் பஸ் ஸ்டாண்டுல பிச்சை எடுக்கிறேன்."

"உன் அண்ணன்னு பாக்குற."

"அண்ணனா? இந்த வாயப் பாரு. இது அண்ணன் பண்ற வேலையா?"

"அப்ப தள்ளுடி!"

"ஏலாது."

அவன் அவளை அறைந்தான். ஏற்கெனவே பிளந்திருந்த உதடு மறுபடியும் திறந்துகொண்டது. அவள் நகரவில்லை. அவன் இடக்கையால், பெருவிரலும் உள்ளங்கையும் மட்டுமே கொண்ட அக்கையால், அவள் கூந்தலைச் சுருட்டிப் பிடித்துச் சுவரில் மோதினான்.

"என் கை போச்சு, உன் பேருக்கு எழுதினான் கெழவன். கையெழுத்து உன்னோடது, பங்கு உன்னோடது. நான் என்னா, உங்க குடும்பத்து மாடா? பேசாம கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டு அவன் கால நக்கு, போ!"

"நக்கினா என்னா கெடைக்கும்? நாலாயிரம். நக்கலைன்னாலும் நாலாயிரம்" என்றாள் அவள், சுவரிலிருந்து தலையை எடுக்காமல். "ஒருத்தன் டம்ளரால அடிக்கிறான். ஒருத்தன் கையால அடிக்கிறான். ரெண்டு பேருக்கும் வாட்டமா என் வாய் ஒண்ணுதான் இருக்கு."

முத்துராஜின் பிடி தளர்ந்தது. கோடரி தரையில் விழுந்தது. அவன் தட்டின் அருகே குந்தி, துப்பிய ரொட்டியைப் பொறுக்கினான். சுகுணா முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, அடுப்பிலிருந்த கடைசி ரொட்டி கருகாமல் திருப்பிப் போட்டாள்.

மறுநாள் சனிக்கிழமை. மழை விட்டிருந்தது, ஆனால் காற்று அடங்கவில்லை. மதிய உணவுக்குப் பின் ஓட்டம் தொடங்குவது என்று தேவேந்திரன் அறிவித்திருந்தான்.

அம்மில்லில் நடைமுறை ஒன்று இருந்தது. பேண்ட்சா என்பது இரு பெரும் சக்கரங்களின் மேல் ஓடும் நீண்ட எஃகு நாடா. அது ஓடும்போது எழும் இரைச்சலில் எந்தக் குரலும் கேளாது. அறுப்பின் நடுவே மின்சாரத்தைத் திடீரென நிறுத்தினால், ரம்பம் மரத்துக்குள் பிடிபட்டு, டிராலி தள்ளுபவன்மேல் உருட்டு திரும்பும். ஆகவே ரம்பத்தில் நிற்பவன் வலக்கையை முஷ்டி பிடித்து உயர்த்தினால் மட்டுமே சுவிட்சில் உள்ளவர் சிவப்புப் பொத்தானை அழுத்த வேண்டும். வேறு யார் சைகை காட்டினாலும் அழுத்தக் கூடாது. முன்னொரு முறை வாசலில் நின்ற லாரிக்காரன் விளையாட்டாகக் கை தூக்கியதால் ஒருவனுடைய தொடை எலும்பு முறிந்தது. அன்றிலிருந்து தம்பையா இதனைச் சட்டமாக்கினார். சுவிட்ச் அறையில் கம்பி வலைக்குப் பின்னால் அமர்பவள் சுகுணா. பன்னிரண்டு ஆண்டுகளாக அவள் பார்த்துக் கீழ்ப்படிந்த முஷ்டி முத்துராஜுடையது ஒன்றே.

தேவேந்திரன் சட்டையைக் கழற்றிவிட்டு, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு ரம்பத்தின் முன் நின்றான். டிராலியின் பின்புறம் ராஞ்சிக்காரன் பிர்சா நின்றான். ஸ்ரீதர் அளவு நாடாவுடன் பலகைகள் விழும் இடத்தில் நின்றார். முத்துராஜ் உள்ளே வரக் கூடாது என்று உத்தரவு. அவன் வாசற்கம்பத்தைப் பற்றிக்கொண்டு வெளியே நின்றான்.

"என்னா மாப்ள, பாக்கத்தான் வந்தியா? பாரு, பாரு. ஃப்ரீ ஷோ" என்று தேவேந்திரன் கூவினான்.

"மச்சான், அந்த மூணாவது உருட்டை ஏத்தாத. சரிவுல வளந்த மரம். உள்ளுக்குள்ள முறுக்கிட்டுக் கெடக்கு. அறுத்து வாய தொறந்தா ரம்பத்தோட மூடும்."

"உன் வாய மூடு முதல்ல!"

பிர்சா சிரித்துவிட்டு, தேவேந்திரன் திரும்பிப் பார்த்ததும் அடக்கிக்கொண்டான். சுகுணா பச்சைப் பொத்தானை அழுத்தினாள். ரம்பம் முனகி, சீறி, பின்னர் ஒரே சுருதியில் பாடத் தொடங்கியது.

முதல் உருட்டு அறுபட்டது. தேவேந்திரன் டிராலியை விருப்பம்போல் தள்ளினான். விழுந்த பலகை ஒரு முனையில் இரண்டு விரற்கடை கனம், மறு முனையில் அதிற்பாதி. நல்ல சிவப்பு மரம், விறகாக விழுந்தது. ஸ்ரீதர் அளந்து தலையை ஆட்டினார். முத்துராஜ் கம்பத்தில் நெற்றியை மோதிக்கொண்டான். இரண்டாம் உருட்டும் அவ்வாறே பாழாயிற்று. ஒவ்வொரு கோணற்பலகை விழும்போதும் தேவேந்திரன் வலைக்குப் பின்னாலிருந்த தங்கையைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தான். அவனுடைய முன்பல்லில் வெற்றிலைச் சிவப்பு இருந்தது.

மூன்றாம் உருட்டை ஏற்றினார்கள். ரம்பம் முழ நீளம் உள்ளே சென்றதும், அறுத்த பிளவு பின்பக்கத்தில் மெல்ல நெருங்கத் தொடங்கியது. பிர்சா பிளவு மூடாமல் அடித்து வைக்க ஆப்பையும் சம்மட்டியையும் எடுத்துக்கொண்டு ஓடி வந்தான். தேவேந்திரன் அவனை முழங்கையால் தள்ளினான். "சோட் தே! விடு!" என்று அவன் உதடுகள் அசைந்தன. மரம் கெடுவதையே அவன் விரும்பினான். மரத்தோடு ரம்பமும் கெடும் என்பதை அவன் மறந்துபோனான்.

ரம்பத்தின் பாட்டு மாறியது. முதலில் கனத்தது, பின்பு கீச்சிட்டது. மரத்திலிருந்து நீலப் புகை எழுந்தது. வாசலில் நின்ற முத்துராஜ் கம்பத்தை விட்டான். ஓரடி உள்ளே வந்து, வலக்கையை முஷ்டி பிடித்துத் தலைக்கு மேல் உயர்த்தினான். வாய் அகலத் திறந்து கத்தினான். இரைச்சலில் அது கேட்கவில்லை.

சுகுணா அம்முஷ்டியைக் கண்டாள். அவளுடைய உள்ளங்கை சிவப்புப் பொத்தானின்மேல் இருந்தது.

தேவேந்திரனும் அதைக் கண்டான். உடனே தங்கைப் பக்கம் திரும்பி, சுட்டுவிரலை நீட்டி, இப்படியும் அப்படியும் ஆட்டினான். தொடாதே என்பது அதன் பொருள். பிறகு சிரித்துக்கொண்டே, உடலின் முழுப் பாரத்தையும் டிராலியின்மேல் சாய்த்தான்.

முத்துராஜ் இரு கைகளையும் உயர்த்தினான். ஒன்று முழுமையானது, மற்றொன்று மூளி. சுகுணா இரண்டையும் பார்த்தாள். பின்னர் பார்வையைத் திருப்பி, அண்ணனின் முகத்தை நோக்கினாள். பொத்தான் அவள் உள்ளங்கையின் கீழ் வெதுவெதுப்பாக இருந்தது. அவள் அதை அழுத்தவில்லை.

எஃகு நாடா பேரொலியுடன் அறுந்தது. அறுந்த முனை சக்கரத்தை விட்டுக் கிளம்பி, சாட்டைபோல் சுழன்று, தேவேந்திரனின் வலத் தோளில் இறங்கி, மார்பைக் குறுக்காகத் திறந்துகொண்டு சென்றது. மறு முனை கூரைத் தகரத்தைக் கிழித்துவிட்டுக் கீழே விழுந்து துடித்தது. பிர்சா கீழே படுத்துக்கொண்டு "ஹே பக்வான், ஹே பக்வான்" என்று அலறினான். தேவேந்திரன் நின்றவாறே தன் கையைத் தேடினான். அது தோலில் தொங்கிக்கொண்டிருந்தது. அவன் அதை இடக்கையால் தாங்கிப் பிடித்து, யாரிடமோ கொடுப்பதற்கு நீட்டுபவன் போல இரண்டு எட்டு வைத்து, தூளில் முழந்தாளிட்டான்.

முத்துராஜ்தான் முதலில் ஓடினான். தலைத்துண்டை உருவித் தோளில் திணித்து, முழங்காலால் அழுத்தினான். "மச்சான், கண்ண மூடாத! டேய், மூடாதடா! கண்ண தொற!" என்று கன்னத்தில் அறைந்தான். சுகுணா அப்போதுதான் சிவப்புப் பொத்தானை அழுத்தினாள். வெறும் சக்கரங்கள் நெடுநேரம் சுற்றி, ஓய்ந்தன.

நகரின் பெரிய மருத்துவமனையில் அறுவை அறையின் கதவு மூடப்பட்டது. நடைகூடத்தில் ஸ்ரீதர் ஒரு பெஞ்சில் அமர்ந்திருந்தார். அவர் சட்டை முழுதும் சிவப்பு. எது தூள், எது இரத்தம் என்று பிரித்தறிய இயலவில்லை. தேவேந்திரனின் மனைவி வைஜெயந்தி ஆட்டோவிலிருந்து இறங்கி வெறுங்காலுடன் ஓடிவந்தாள். வந்த வேகத்தில் சுகுணாவின் மயிரைப் பற்றி இழுத்துத் தரையில் தள்ளி, முதுகிலும் தலையிலும் குத்தினாள்.

"நானூறு பங்குக்கு எம் புருசனை அறுத்துட்டீங்களேடி! வச்சுக்க! எல்லாத்தையும் நீயே வச்சுக்க! தின்னுடி, தின்னு!"

சுகுணா கை உயர்த்தித் தடுக்கவில்லை. முத்துராஜும் ஒரு செவிலியும் சேர்ந்து வைஜெயந்தியை விலக்கினார்கள். அவள் சுவரோரம் சரிந்து அழுதாள்.

காவல் நிலையத்திலிருந்து தலைமைக் காவலர் அழகர்சாமி வந்தார். இராமநாதபுரத்துக்காரர்; மில்காரர்கள் அனைவரையும் அறிந்தவர். தொப்பியைக் கழற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டு, முத்துராஜை ஓரமாக அழைத்தார். ஆயினும் அவர் குரல் எல்லாருக்கும் கேட்டது.

"அந்த ராஞ்சிப்பய சொல்றான், நீ கையத் தூக்குனேன்னு. தூக்குனியா?"

முத்துராஜ் மனைவியைப் பார்த்தான். அவளுடைய உதடு மூன்றாம் முறையாகக் கிழிந்திருந்தது.

"இல்ல சார். நான் சும்மா வாசல்ல நின்னுட்டிருந்தேன்."

"மரம் மூடுறது உனக்குத் தெரியலையா?"

"தெரிஞ்சிச்சு."

"தெரிஞ்சும் சும்மா நின்னியா? இத நீ எழுதிக் குடுத்தா உனக்குத்தான்யா கேடு. அவன்கூட உனக்குத் தகராறுன்னு ஊருக்கே தெரியும்."

"எழுதிக்கங்க சார். நான் தூக்கல. அவ ஒண்ணும் பாக்கல."

சுகுணா தரையிலிருந்து எழுந்தாள். கலைந்த கூந்தலை முடிந்துகொள்ளாமலே அருகில் வந்தாள்.

"தூக்கினாரு சார்."

"சுகு, சும்மா இரு."

"ரெண்டு கையும் தூக்கினாரு. நான் பாத்தேன்."

அழகர்சாமி இரக்கமுள்ள மனிதர். குரலைத் தாழ்த்தி, அவளுக்கு ஒரு வழியைத் திறந்துவிட்டார். "மில்லு ரூலு எனக்கும் தெரியும்மா. ரம்பத்துல நிக்கிறவரு தூக்கலை. வேற ஆளு தூக்குனா நீ நிறுத்தக் கூடாது. அதனாலதான நிறுத்தல?"

வைஜெயந்தி அழுகையை நிறுத்தித் தலையை உயர்த்தினாள். ஸ்ரீதரும் நிமிர்ந்தார். முத்துராஜ் மூளிக் கையால் மனைவியின் முழங்கையைத் தொட்டான்.

"ரூலு அதுதான் சார்" என்றாள் சுகுணா. "ஆனா அந்த நேரத்துல எனக்கு ரூலு ஞாபகம் வரல."

அறுவை அறையின் கதவு திறந்தது. மருத்துவர் வெளியே வந்து, முகமூடியைக் கீழே இழுத்துவிட்டு, எவரிடமும் எதுவும் சொல்வதற்கு முன்னர் எதிர்ச்சுவரின் கடிகாரத்தைப் பார்த்துக் கையிலிருந்த தாளில் இறந்த நேரத்தைக் குறித்துக்கொண்டார். அப்போது மாலை ஐந்து மணி பதினெட்டு நிமிடம்.